ஊதிவிட்டா எரியாது

ஷெர்லின் இல்லீங்க அம்மணி. மேல ஐசியூவுக்குப் போயிருக்கறா, வர நேரமாகும். ஏனுங்க, ஷெர்லின்தான் வேணுமா? இந்த ரூமுக்கு வாரவங்க எல்லாரும் காலெடுத்து உள்ள வெச்சதும் கேக்கற மொதப் பேச்சே அதுதான். நான் ஒருத்தி இங்க வெள்ளக் கோட்டு மாட்டிட்டுக் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், கண்ணுக்குத் தெரியறனா பாருங்க! சரி, நீங்க என்ன பண்ணுவீங்க. மேல டாக்டர் சொல்லி உட்டிருப்பாரு. சொன்னாருல்ல? மூஞ்சியிலயே தெரியுது.

உக்காருங்க. காத்தாடிக்கு நேரா வேண்டாம், காச்சல் ஒடம்பு. இப்புடித் தள்ளி வாங்க. சீட்டக் குடுங்க. ம்... பிளட் கல்ச்சர். காச்சல் எப்பருந்து? ரெண்டு வாரமாவா! அடப் பாவமே, கண்ணெல்லாம் குழி உழுந்து போச்சே.

கல்ச்சருன்னதும் பயந்துக்காதீங்க. கொஞ்சம் ரத்தம் எடுத்து இந்தா, இந்தப் பாட்டில்ல உடுவோம். உள்ள கஞ்சித் தண்ணியாட்ட ஒண்ணு இருக்குது பாருங்க, அது கிருமிக்குத் தீனி. பாட்டிலக் கொண்டுபோயிச் சூட்டுப் பொட்டியில வெச்சுருவாங்க. உங்க ரத்தத்துல கிருமி இருந்துச்சுன்னா தின்னுட்டுப் பெருகும். அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு பாத்து டாக்டருக்குச் சொல்லுவாங்க. அவ்வளவுதான். இதுக்குப் போயி ஷெர்லின் வேணும், மகராணி வேணும்னா எப்புடீங்க?

நான் எடுக்கறனே. துளசிமணின்னு இந்த ஆஸ்பத்திரியில யாரையாச்சும் கேட்டுப் பாருங்க. இந்தக் கட்டடம் கட்டறதுக்கு முன்னால, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வூட்டுல கிளினிக்கா இருந்துச்சு பாருங்க, அப்பருந்தே ரத்தம் எடுக்கறவ நானு. நரம்பே தெரியாத கைன்னு மத்தவங்க எங்கிட்டத் தாட்டி உடற ஆளுகளுக்கெல்லாம் ஒரே குத்துல எடுத்துருவேன். கண்ணுல தேட மாட்டேன், விரல்ல தேடுவேன். இந்த ஆள்காட்டி விரல் இருக்குதுல்ல, இது போயி நரம்பு மேல உக்காந்துக்கும்.

கல்ச்சர் மட்டும் ஷெர்லின் எடுக்கட்டும்னு இப்ப ஒரு பேச்சு இருக்குது. இல்லைன்னு சொல்லல. ஆனா எழுத்துலயா குடுத்தாங்க? வாய்வார்த்தைதான். அவ இல்லாத நேரத்துல ஆள் வந்தா என்ன பண்றது? காச்சக்காரங்களக் காக்க வெக்கறதா? உங்க கை நல்ல கையி. இந்த ஒரு பாட்டில் எம்பேர்ல போயி, குறை சொல்ல எடமில்லாம ரிப்போர்ட் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, அப்பப் பேசட்டும் அவங்க. அதத்தானுங்க நான் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்.

எல்லாம் அவ வந்த பொறவு வந்த கெரகம். மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து வந்தா. வந்தன்னைக்கு எம்பக்கத்துல உக்கார வெச்சு, பஞ்சு எங்க, ஊசி எங்க, எந்த டாக்டர் எப்புடின்னு அத்தனையும் சொல்லிக் குடுத்தவ நானு. மதியம் அவ டப்பாவுல புட்டும் கடலையும் கொண்டாருவா, ஒரு வாய் எனக்கும் குடுப்பா. நல்லாத்தான் இருக்கும். நல்லாயில்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப் போயிரும். அதுவும் ஒரு எரிச்சல்தான் பாருங்க, சமையலாச்சும் மோசமா இருக்கப்படாதா?

அவ ரத்தம் எடுக்கறதப் பாக்கணுமே நீங்க. மொதல்ல நரம்பத் தொட்டுப் பாத்துக்குவா. பொறவு மருந்து வெச்சுத் தேய் தேய்னு தேய்ப்பா. தேச்சுட்டு என்ன பண்ணுவாங்கறீங்க? ஒண்ணும் பண்ண மாட்டா! சும்மா நிப்பா. கைய மேல தூக்கி வெச்சுட்டு, லைட்டுக் கம்பமாட்ட. ஒரு பேச்சுப் பேச மாட்டா, சிரிக்க மாட்டா. மருந்து தானாக் காயோணுமாம். காஞ்ச பொறவு அந்த எடத்துல விரலே வெக்காம, மனசுல குறிச்ச எடத்துல நேரா ஊசியப் போடுவா. குருட்டுக் குத்துங்க அது. ஏதோ அதிர்ஷ்டத்துல கெடைக்குது.

நான் அப்புடி மரக்கட்டையாட்ட நிக்கறவ இல்ல. தொடச்சதும் ஜில்லுன்னு எரியுமல்ல, உடனே குனிஞ்சு உஸ்ஸுன்னு ஒரு ஊது ஊதுவேன். எரிச்சலும் அடங்கும், ஈரமும் காயும். அழுகற கொழந்தைக என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிறுத்திப் போடும். பொறவு விரல வெச்சு, நரம்பு எடம் மாறாம இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்கிட்டுக் குத்துவேன். வலிச்சுதுன்னு ஒரு ஆள் சொன்னதில்ல. "துளசிக்கா ஊதுனாப் போதும், பாதி நோவு போச்சு"ன்னு சொல்லுவாங்க. ருக்குமணி டீச்சர்னு ஒருத்தங்க டயாலிசிஸுக்கு வாராங்க, அவங்க வாயாலயே சொல்லியிருக்கறாங்க.

அவங்க பேச்ச அப்பறம் சொல்றேன். அது வேற வயித்தெரிச்சல்.

நளாயினி டாக்டர்னு கீழ கிருமி லேப்புக்குப் பெரியவங்களா வந்தாங்க. வந்ததும் வராததுமா என்ற பாட்டிலெல்லாம் திரும்ப ஆரம்பிச்சுது. பாட்டில் திரும்பாதுங்க, சேதி திரும்பும். "தோல் கிருமி வளர்ந்திருக்கு, மறுபடி எடுத்து அனுப்புங்க"ன்னு. முந்தியெல்லாம் இப்புடி ஒரு பேச்சே கெடையாது. வந்தத வந்தபடி எழுதி உடுவாங்க, டாக்டரும் ஏதோ ஒரு மருந்தப் போடுவாரு, அவங்கவங்க ஆயுசு. இப்ப நான் எடுத்தா மறுபடி, மறுபடி. அவ எடுத்தா மட்டும் அப்புடியே போகுது. உங்களுக்குச் சந்தேகம் வருமா வராதா? எனக்கு வந்துச்சு. கீழ ஆரோ சொல்லி வெச்சுச் செய்யறாங்கன்னே நெனச்சேன். ஒரு நாள் அவ மேசையில கெடந்த பஞ்சு டப்பாவ எடுத்துட்டு, என்னோடத அங்க வெச்சும் பாத்தேன். அப்பவும் அவளோடது சுத்தமாத்தான் போச்சு. அப்ப பஞ்சுல ஒண்ணுமில்ல. டாக்டரம்மா பாசந்தான், வேறென்ன?

எங்களையெல்லாம் உக்கார வெச்சு ஒரு வகுப்பு வேற எடுத்தாங்க. நம்ம தோல்ல கிருமி இருக்குதாம், வாயில அதவிட எச்சா இருக்குதாம். தொடச்ச எடத்துல மறுபடி விரல் பட்டாலோ, மூச்சுப் பட்டாலோ, அது ஊசியோட ஒட்டுக்காப் பாட்டிலுக்குள்ள போயி வளந்துருமாம். பொறவு நோயாளி ரத்தத்துல இருந்த கிருமி எது, நாம போட்ட கிருமி எதுன்னு அவங்களுக்குப் பிரிக்கத் தெரியாமப் போயிருமாம். "ஒரு தப்புப் பாட்டில், ஒரு தப்பு மருந்து"ன்னாங்க. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்குது. ஏன்னா அதுக்கப்பறம் சொன்னாங்க பாருங்க, "ஷெர்லின், நீ வந்து செஞ்சு காட்டு"ன்னு. நான் மொத வரிசையில உக்காந்திருக்கறேன்! என்னைத் தாண்டிப் போயிக் காட்டுனா. நானும் எல்லாரோட சேந்து தலையாட்டுனேன்.

விரல் படப்படாதுன்னு சொன்னதெல்லாம் சுத்தமில்லாத விரலுக்குச் சொன்னதுங்க. நான் விடியால எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சுட்டு, திருநீறு வெச்சுட்டு வாரவ. சோப்புப் போட்டுக் கை கழுவாம ஒரு ஆளத் தொட்டதில்ல. வாயிலயா கிருமி? எந்நேரமும் ஏலக்கா போட்டுக்குவேன். இந்தா பாருங்க, பையில பொட்டலம் இருக்குது. ஒண்ணு வாயில போட்டுக்கறீங்களா? வேண்டாமா, சரி. மத்தவங்க வெத்தல போட்ட வாயோட வாராங்க, அவங்களச் சொல்லட்டும். என்ற மூச்சுல ஏதுங்க கிருமி?

ருக்குமணி டீச்சர் பேச்சுக்கு வந்துட்டேன். என்னைத் தவிர ஆருக்கும் கை நீட்டாதவங்க. ஒரு நாள் நான் நோம்பிக்கு லீவு போட்டேன். லீவு முடிஞ்சு மக்யா நாள் வந்து பாத்தா, டீச்சர் இந்த நாற்காலியத் தாண்டி அந்த நாற்காலிக்குப் போறாங்க. "என்னங்க டீச்சர், எடம் மாறிட்டீங்க?"ன்னேன் சிரிச்சுட்டே. "தப்பா நெனச்சுக்காத துளசி, அந்தப் பொண்ணு எடுத்தா மறுபடி மறுபடி குத்த வேண்டியதில்ல"ன்னுட்டாங்க. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுதுங்க. அன்னைக்கு ஷெர்லின் புட்டு நீட்டுனா, வேண்டாம்னுட்டேன்.

இதெல்லாங்கூடப் போகட்டும். எங்கூட்டுக்காரரு விஷயத்தச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

அவரு மஞ்ச மண்டியில எடை போடறவரு. அவருக்கு உங்களாட்டத்தான் காச்சல் வந்துச்சு. உட்டு உட்டு வருது, போகுது. இங்கயே அட்மிட் பண்ணேன். போட்ட மருந்து ஒண்ணும் கேக்கல. ரத்தக் கல்ச்சர் பாத்தாத்தான் எந்த மருந்து கேக்கும்னு தெரியும்னுட்டாங்க. நான்தான் எடுத்தேன். வேற ஆரு எடுப்பா? கட்டுன பொண்டாட்டி நானு. தொடச்சு, ஊதி, தடவி, பூப்போல எடுத்தேன். சேதி வந்துச்சு, தோல் கிருமின்னு. மறுபடி எடுத்தேன். இன்னும் மெதுவா, இன்னும் பாசமா. இன்னொரு தோல் கிருமி. மொத வந்தது ஒண்ணாம், இது வேற ஒண்ணாம். நான் மல்லுக்கு நின்னேன், "நான் முதுகு தேச்சு உடற ஒடம்பு அது, அதுல ஏதுங்க இத்தன கிருமி?"ன்னு.

டாக்டரம்மா மேலயே வந்துட்டாங்க. "துளசிமணி, அடுத்தத ஷெர்லின் எடுக்கட்டும்."

"முடியாதுங்க"ன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் உயிரு முக்கியமில்லையா?"

"அவரு உயிரு எனக்குத் தெரியாதுங்களா? அவரு கைய நான் எடுக்காம வேற பொம்பள எடுக்கறதா?"

அப்புடியேதான் சொன்னேன். வெக்கமென்ன இதுல? அந்தக் கை என்னையப் புடிச்ச கை. ஊரெல்லாம் அவகிட்டப் போச்சு, டீச்சர் போனாங்க, டாக்டர்மாருக போனாங்க, இவரையும் குடுத்துட்டு நான் என்ன பண்றது? வார்டு சிஸ்டர்கிட்டச் சொல்லி வெச்சேன், அவ இந்தக் கட்டில் பக்கம் வரப்படாதுன்னு. கட்டிலுக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டுக் காவல் உக்காந்துக்கிட்டேன்.

அவருக்குக் காச்சல் எச்சாகிப் போச்சு. பேச்சு கொழறுது. என்னையப் பாத்து, "சிஸ்டர், என்ற சம்சாரம் வந்துட்டாளா?"ன்னு கேக்கறாரு. அந்த வெசனத்த எங்க போயிச் சொல்ல! தலகாணியில மூஞ்சிய வெச்சுட்டு அழுதேன். அழுதுட்டு, கஞ்சி வாங்கிட்டு வரலாம்னு கேண்டீனுக்கு எறங்குனேன். கூட்டம். காத்திருந்து வாங்கிட்டு மேல வந்து பாத்தா, அவரு எடது கை மடிப்புல பஞ்சு. மேல பிளாஸ்திரி. அந்தப் பிளாஸ்திரியோட ஓரத்த மடிச்சு ஒட்டியிருக்குது.

இந்த ஆஸ்பத்திரியில ஓரத்த மடிச்சு ஒட்டறவ ஒருத்திதான். உரிக்கறப்ப மசுரு இழுக்காம சுலபமா வருமாம். கஞ்சிய வெச்சுட்டு நேரா இங்க வந்தேன்.

"ஏன்டி, நீதானே?"ன்னேன்.

மறைக்கல அவ. "ஆமாக்கா. டாக்டரும் கூட நின்னாவ. அண்ணனுக்கு ரொம்ப முடியாம இருந்தாவ. நீங்க இருந்தா விட மாட்டிய. அதான் நீங்க கீழ போன நேரம் பாத்து எடுத்தோம். மன்னிச்சிருங்கக்கா."

எடுத்தோமாம்! எல்லாரும் சேந்து காத்துட்டு இருந்திருக்கறாங்க, நான் எப்ப எந்திரிப்பேன்னு. கஞ்சிக்குப் போன நேரத்துல கட்டின புருசன் கையில ஊசி. கண்ணுல தண்ணி வேற வெச்சுக்கறா, நான் அழுகணுமா அவ அழுகணுமா சொல்லுங்க?

அந்தப் பாட்டில்ல டைஃபாய்டு வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு, சுத்தமா, வேற எதுவும் கலக்காம வந்துச்சாம். எந்த மருந்துக்குச் சாகும்னும் வந்துச்சு. ஊசிய மாத்துனாங்க. நானும் பண்ணாரி ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன், முடி காணிக்கை குடுக்கறேன்னு. காச்சல் எறங்குச்சு. ஆத்தா எறக்கி உட்டா. இதுல அவளுக்கு என்னங்க பெருமை? மருந்தா கண்டுபுடிச்சா? அதே கை, அதே ரத்தம். நான் எடுத்தா வராத டைஃபாய்டு அவ எடுத்தா வருதுன்னா என்னங்க அர்த்தம்? கிருமிக்குக்கூட ஆள் பாத்து நடக்கத் தெரியுது!

வூட்டுக்கு வந்த பொறவு ஆரம்பிச்சாரு பாருங்க. "அந்தப் புள்ள எடுத்ததே தெரியல தொளசி. மூஞ்சியில ஒரு அமைதி." தண்ணி குடுத்தா அந்தப் பேச்சு, சோறு போட்டா அந்தப் பேச்சு. ஞாயித்துக்கெழமை கோழியடிச்சு அவளக் கூப்பிடலாம்ங்கறாரு. கூப்பிட்டேன். கூப்பிடாம? வந்து சாப்பிட்டுட்டு, பாத்திரமெல்லாங் கழுவி வேற வெச்சுட்டுப் போனா. எங்க மாமியார்க்காரி இருந்திருந்தா அவளையே மருமகளா எடுத்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லீங்க. போன வாரம் டீ வெச்ச பாத்திரத்த எறக்கறப்ப அவரு விரல்ல சூடு பட்டுருச்சு. நான் ஓடிப்போயி அவரு கையப் புடிச்சு, குனிஞ்சு ஊத வாய எடுத்தேன். கல்யாணம் ஆனதுலருந்து நான் ஊதாத காயம் இல்ல அவரு ஒடம்புல. வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டாரு.

"வேண்டாம் தொளசி. ஊதாத."

"ஏனுங்க?"

"டாக்டரம்மா எங்கிட்டச் சொன்னாங்க. நீ மொதல்ல எடுத்தப்ப, நீ ஊதுனதுலதான்..."

பாதியில நிறுத்திட்டாரு. என்ற மூஞ்சியப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மிச்சத்த நானும் கேக்கல. போயிக் கொழாத் தண்ணியில விரல வெச்சுக்கிட்டு நின்னாரு. நான் அடுப்பப் பாத்துட்டு நின்னேன்.

அவ சொல்லிக் குடுத்திருக்கறா, அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. கோழி தின்னுட்டுப் போனா பாருங்க, அன்னைக்குச் சொல்லியிருப்பா. என்ற வூட்டுக்குள்ளயே வந்து என்ற வாயக் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டா.

சரி உடுங்க. கைய நீட்டுங்க அம்மணி. ஆமா, இந்தக் கைதான். ரப்பர் கட்டறேன், சித்த இறுக்கமா இருக்கும். இந்தா, நரம்பு நல்லாத் தெரியுது. மருந்து வெச்சுத் தேய்க்கறேன், பாருங்க, அவளாட்டவே நல்லாத் தேய்க்கறேன். எரியுதா? எரியும், நீங்க வெயில்ல வேல செய்யற ஆளு, தோல் வறண்டு கெடக்குது. வாயில ஏலக்கா கரைஞ்சு போச்சு, இருங்க, புதுசா ஒண்ணு போட்டுக்கறேன். உங்களுக்காகத்தான். ம், இப்ப ஒரு ஊது...

ஏனுங்க?

ஏனுங்க கைய இழுத்துக்கறீங்க? நான் இன்னும் ஊதவே இல்லீங்களே. ஊசியக்கூட எடுக்கல. பயமா? பயமில்லையா? அப்பறம் என்ன? இத்தன நேரம் நல்லாத்தானே கேட்டுட்டு இருந்தீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிப் போட்டேன்?

உங்களுக்கும் அவ சொக்குப்பொடி போட்டுட்டாளா? இன்னும் மூஞ்சியக்கூடப் பாக்கல நீங்க!

ரப்பரக் கழட்டிக்கறேன். கை மரத்துப் போயிரும், நீட்டுங்க. ஊதலீங்க, கழட்டத்தான் போறேன். எல்லாரும் அவரு மாதிரியே இழுக்கறீங்க, வெடுக்குன்னு.

அதா, செருப்புச் சத்தம். அவதான் வாரா. வா ஷெர்லின். உனக்குத்தான் ஆள் வந்திருக்குது. ரெண்டு வாரமாக் காச்சல், கல்ச்சர். மொதல்லருந்து தொடச்சுக்க. நான் ஊதல, வேணும்னா அவங்களையே கேட்டுக்க. பஞ்சு இந்தா. பாட்டில் இந்தா.

அம்மணி, அவ தொடச்சுட்டுச் சும்மா நிப்பா. ஊத மாட்டா. நல்லா எரியும். எரிஞ்சா என்னையக் கூப்பிடாதீங்க.